மூன்று கீறல்

தட்டோடு வந்த சீட்டைப் படித்துவிட்டுச் சின்னவள் கையுறையைக் கழற்றி வைத்தாள். பிறகு மறுபடியும் படித்தாள். பெயர், வயது, மேலும் கீழும் முழுப் பல்செட், அவசரமில்லை. மாடி டாக்டரின் கோழிக் கிறுக்கலில் யார் பெயரையும் யார் பெயராகவும் படித்துவிடலாம் என்பது வாஸ்தவம்தான். ஆனால் இந்தப் பெயரை அவள் ஆறு வருடமாகக் காலையும் மாலையும் மனசுக்குள் வைதுகொண்டிருக்கிறாள். அதைப் போய்த் தப்பாகப் படிப்பாளா?

சீட்டுக்குக் கீழே பிளாஸ்டரில் வார்த்த இரண்டு அச்சுகள் இருந்தன. ஒரு பல்கூட இல்லாத மேல் ஈறு, கீழ் ஈறு. அத்தானின் வாய். "வாயில விரல வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன்" என்று அக்காவைக் கட்டிக்கொடுக்கும் முன் வீட்டில் அத்தனை பேரும் ஒருமுகமாகப் புகழ்ந்த வாய். அது இப்போது அவளுடைய உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது. கீழ் ஈற்றின் மேல் கட்டைவிரலை வைத்து ஓட்டிப் பார்த்தாள். ஈறு நன்றாகத் தேய்ந்திருந்தது. இப்படித் தேய்ந்த வாயில் உதட்டோரமாக நரம்பு வெளியே வருகிற இடம் ஏறக்குறைய ஈற்றின் மேலேயே வந்துவிடும். பல்செட் செய்கிறவர்கள் அந்த இடத்தைத் தொடாமல் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடுவார்கள். இந்த வேலைக்கு வந்த முதல் மாதமே படித்த பாடம் அது. அந்த இடத்தில் அவள் விரல் தானாக நின்றது என்று சொல்ல மாட்டேன். நிறுத்தினாள்.

மாடியில் பல் ஆஸ்பத்திரி, கீழே பின்பக்கம் இவர்களுடைய பட்டறை. மூன்று மேசை, சந்துப் பக்கம் பார்த்த ஒரு ஜன்னல், எதை எடுத்தாலும் மேலே படிந்திருக்கும் வெள்ளைத் தூள். உருகும் மெழுகு வாசனையும் அரைக்கிற மெஷினின் சத்தமும் வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் கூடவே வரும். அங்கே பழைய வழக்கம் ஒன்று இருந்தது. செட்டை மெருகேற்றுவதற்கு முன்னால், செய்தவர் அதன் உள்பக்க ஓரத்தில் சின்னதாகத் தன் அடையாளத்தைக் கீற வேண்டும். வானொலி அக்காவுக்கு ஒரு வட்டம். வாயை மூடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும். சின்னவளுக்கு மூன்று கீறல். கடிக்கவில்லை, கழன்று விழுகிறது, குத்துகிறது என்று ஒரு செட் திரும்பி வந்தால் முதலாளி அதைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். செய்தவர் மேசையில் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார். அந்தச் சத்தமில்லாமைக்குப் பயந்தே வேலை சுத்தமாக நடந்தது.

போன வருடம் முதலாளிக்கு ஞானம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்துப் பின்கூடத்தில் ஒரு பெரியவர் பேசுகிறார், கேட்டால் மனசு இலவம்பஞ்சாகிவிடுகிறது என்று யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். நான்காவது வாரம் பட்டறைக்கு வந்தவர், "இனிமே யாரும் அடையாளம் கீற வேண்டாம்" என்றார். "யாரும் எதையும் தானாச் செய்யறதில்ல. பொறந்த விதம், வளந்த விதம், அன்னிக்கு ஒடம்பு இருந்த விதம், எல்லாம் சேந்து கை வழியா வருது. அப்புறம் எதுக்கு ஒருத்தரக் குத்தவாளி ஆக்கணும்?" சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு கனிவு. வானொலி அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் பட்டறை போன போக்கைக் கேட்காதீர்கள். ஒருவர் மேல்செட்டும் இன்னொருவர் கீழ்செட்டும் ஜோடியாகப் போய், வாங்கிய மனிதர் குரங்கு மாதிரி வாயைப் பிளந்துகொண்டு வந்து நின்றார். வானொலி அக்கா கைதவறி ஓர் அச்சைப் போட்டு உடைத்துவிட்டு, "உடைஞ்சிடுச்சு. இன்னிக்கு உடையணும்னு இருந்திருக்கு" என்று சொல்லித் துடைப்பத்தை எடுத்தாள். காவலாளி பட்டப்பகலில் குறட்டை விட்டான். கேட்டால், "தூக்கம் வந்துச்சு சார், நானா வரச் சொன்னேன்?" என்றான். முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார். யாரும் யாரையும் திட்டவில்லை, எல்லோரும் சிரித்த முகமாகவே இருந்தார்கள், ஒரு வேலையும் உருப்படவில்லை. சின்னவள் மட்டும் யாருக்கும் தெரியாமல் மூன்று கீறலைக் கீறிக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமைப் பெரியவர் யாரென்று அவளுக்கு முதல் நாளே தெரியும். உலகத்துக்கே அவர் மன்னிப்பு வழங்குவதற்கு முன்னால் யாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பெரியவளுக்கு, அதாவது அக்காவுக்கு, வந்தது உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகிற நோய். முதலில் மாடிப்படி போனது, பிறகு பேனா, பிறகு கரண்டி. அத்தான் மூன்று வருடம் பார்த்துக்கொண்டார். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தலை வாரிவிட்டார், நகம் வெட்டிவிட்டார், தூக்கிக் குளிப்பாட்டினார். சின்னவளே அவரைப் பார்த்து, எனக்கு இப்படி ஒருத்தர் வாய்க்கவில்லையே என்று நினைத்தது உண்டு. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பெரியவளைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறை ஸ்டூலில் உட்கார வைத்தார். "முடிஞ்சதும் கூப்பிடு" என்றார். அறைக்குள் போய்ப் பையில் துணியை எடுத்து வைத்தார். வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டினார். சாவியைத் தபால் பெட்டிக்குள் போட்டார். போய்விட்டார்.

பெரியவள் கூப்பிட்டாள். போன் கட்டில் மேல் இருந்தது. சின்னவள் பத்து தடவை அடித்துப் பார்த்து, பயந்துபோய் ஓடி வந்தபோது மணி பன்னிரண்டு. கதவு பூட்டியிருந்தது. தபால் பெட்டியின் இடுக்கில் சாவி மின்னியது. உள்ளே போனால், நான்கு மணி நேரமாக அதே ஸ்டூலில், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கால் இரண்டும் நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அவர் எங்கயோ மாட்டிக்கிட்டார் போலடி. போன் பண்ணிப் பாரு" என்பதுதான்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. நான் எந்த முடிவும் எடுக்கவில்லை, அன்று காலை என் கால்கள் நடந்தன, நான் அவற்றின் பின்னால் போனேன், இதில் யாருடைய பிழையும் இல்லை என்று எழுதியிருந்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் பெரியவள் தங்கை வீட்டில் கிடந்தாள். நோயைப் பற்றி அவள் ஒரு நாள்கூடப் புலம்பியதில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "அன்னிக்குக் காலைல நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாடி?" இல்லை அக்கா, இல்லை அக்கா என்று இவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பேச்சு குளறிப்போன கடைசி நாளில்கூட அந்தக் கேள்வி மட்டும் தெளிவாக வந்தது. அந்த மனுஷன் சாவுக்கும் வரவில்லை.

சின்னவள் சொத்தா கேட்டாள்? ஜெயிலுக்கா அனுப்பப் பார்த்தாள்? அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. 'நான்தான் போனேன், அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.' இவ்வளவுதான். அக்கா உயிரோடு இருந்தபோது அந்த வரி வந்திருந்தால் அவள் காதில் போட்டிருக்கலாம். இனிமேல் வந்தால் போட எந்தக் காதும் இல்லை. ஆனாலும் வேண்டும். அது வராதவரை அக்கா இன்னும் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று இவளுக்கு நினைப்பு.

தட்டு வந்த அந்த வாரம் சனிக்கிழமை, அவள் முதல்தடவையாக நூலகத்துக்குப் போனாள். நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். மேடையில் இருந்தது அத்தான்தான், பாதியாக இளைத்திருந்தார். வாயில் பழைய செட் ஒன்று, பேசப் பேசக் கடகடவென்று ஆடியது. குரல் மட்டும் அதே குரல், அக்காவுக்குத் தலை வாரும்போது கேட்ட குரல். "அடுத்த நிமிஷம் ஒங்க மனசுல என்ன தோணும்னு இப்பவே ஒங்களால தேர்ந்தெடுக்க முடியுமா? முடியாதில்ல? அப்புறம் தோணினதுக்கு நீங்க எப்படிப் பொறுப்பு?" என்று கேட்டார். கூடம் முழுக்கத் தலையாட்டியது. சின்னவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தக் காலத்தில் தலையெழுத்து என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனதை இந்த மனுஷன் நரம்பு, மூளை, வளர்ப்பு என்று மூன்றாகப் பிய்த்து விற்கிறார், அதற்கு இத்தனை கூட்டம்.

ஆனால் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயதிருக்கும், சேலையின் முந்தியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டிருந்தாள். மருந்து பாட்டிலைக் குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் மேசை மேல் வைத்துவிட்டுக் கண் அசந்திருக்கிறாள். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டது. அவ்வளவுதான் சொன்னாள், மேலே வரவில்லை. அத்தான் மேடையிலிருந்து இறங்கி அவள் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "வெச்சது நீ இல்லம்மா. மூணு ராத்திரி தூங்காத ஒடம்பு வெச்சுது. அந்த ஒடம்ப நீ கேட்டு வாங்கல" என்றார். அந்தப் பெண்ணுக்கு அதுவரை தொண்டைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்த மூச்சு இறங்கியது. கூடத்தில் எல்லோரும் அழுதார்கள். சின்னவளுக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. அது வந்ததும் அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தாயின் கைமறதியும் இவர் பூட்டிவிட்டுப் போட்ட சாவியும் ஒன்றா? மறந்துபோய் யாராவது கதவைப் பூட்டுவார்களா? தபால் பெட்டியைத் தேடிப் பிடித்துப் போட்டது எந்த நரம்பு? ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவளின் பாவத்தைக் கழுவுகிற தண்ணீரிலேயே தன் கையையும் கழுவிக்கொள்கிறாரே, இந்தக் கெட்டிக்காரத்தனம் யாருக்கு வரும்!

திங்கட்கிழமை அவள் அத்தானின் கீழ் அச்சை முன்னால் வைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். நரம்பு வெளிவரும் இடத்தில் இடைவெளி விட வேண்டும். அதற்குப் பதிலாக அந்த இடத்தில் அச்சைச் சுரண்டினால், அச்சில் விழுகிற பள்ளம் செட்டில் மேடாக வரும். அரிசி முனை அளவு மேடு போதும். ஒவ்வொரு கடிக்கும், ஒவ்வொரு பேச்சுக்கும் அது நரம்பின் மேல் உட்காரும். கரண்ட் அடிக்கிற மாதிரி உதட்டிலிருந்து காதுவரை இழுக்கும். கத்தியை வைத்தவள் எடுத்துவிட்டாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். முகம் கழுவினாள். ஜன்னலருகில் நின்று, சந்தில் ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடிப்பதை முழுவதும் பார்த்தாள். வேண்டாம் என்று நினைத்துப் பார்த்தாள், அதுவும் முடிந்தது. இரண்டில் எதையும் செய்யலாம் என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் வந்து உட்கார்ந்து சுரண்டினாள். ஏதோ ஆத்திரத்தில் கை செய்துவிட்டது என்று நாளைக்கு யாரும், அவள் உட்பட, சொல்லிவிடக் கூடாது.

செட் அழகாக வந்தது. அவள் கை அப்படி. பற்களின் வரிசை, ஈற்றின் நிறம், எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. மெருகேற்றும் முன் உள்பக்க ஓரத்தில் மூன்று கீறல் போட்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே போட்டாள்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அத்தான் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு இறங்கி வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. எதையும் மென்று தின்று பத்து நாளாயிற்று, கரைத்துக் குடித்துத்தான் உயிரை வைத்திருக்கிறேன் என்றார். மாடி டாக்டரிடம் போனாராம். டாக்டரும் சனிக்கிழமை ஆசாமிதான். எங்கெங்கோ தேய்த்துவிட்டு, எல்லாம் போகப் போகப் பழகிவிடும் என்று மாத்திரை கொடுத்துக் கீழே அனுப்பிவிட்டார். பெரியவரே நேரில் வந்துவிட்ட பரபரப்பில் முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"யார் செஞ்சாங்கன்னு தெரிஞ்சா அவங்களே பாத்துடுவாங்கன்னு டாக்டர் சொன்னாரு" என்றார் அத்தான்.

"யார் செஞ்சாங்கன்னு நாங்க பாக்கறதில்லங்க ஐயா" என்றார் முதலாளி பெருமையாக. "ஒங்க வழிதான்."

"நான்தான் செஞ்சேன்" என்றாள் சின்னவள் மேசையிலிருந்து.

அத்தான் திரும்பிப் பார்த்தார். முகத்தை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சின்னு" என்றார். அந்தப் பெயரை உலகத்தில் இன்னும் ஒருத்தர் வாய் சொல்லும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு நொடி மனசு ஆடத்தான் செய்தது. அவள் எழுந்து வந்து கையை நீட்டினாள். அவர் செட்டைக் கழற்றிக் கொடுத்தார். முகம் சட்டென்று உள்ளே போய்விட்டது.

"இங்க ஒரு மேடு இருக்கு பாருங்க, கைய வெச்சாத் தெரியும். வேணும்னே வெச்சேன்."

வானொலி அக்கா அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒலிபரப்பை நிறுத்தினாள். முதலாளியின் வாய் திறந்தபடி நின்றது. அத்தான் மட்டும் பதறவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"ஒன்னால வேற மாதிரி செஞ்சிருக்க முடியாதும்மா. நீ பாத்ததையெல்லாம் பாத்த யாரும் இதத்தான் செஞ்சிருப்பாங்க. ஒன் மேல எனக்கு ஒரு துளி கோபம் இல்ல."

இதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. கத்துவார், போலீஸுக்குப் போவேன் என்பார், அக்காவை இழுப்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். மூன்று வாரமாக அடைகாத்த பழியை அவர் பூப்போல வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"கோபப்படுங்க அத்தான்" என்றாள். "நான் எந்திரிச்சுப் போயி மொகம் கழுவிட்டு வந்து செஞ்சேன். வேண்டாம்னு விட்டிருக்கலாம், விடல. நான் செஞ்சேன். என்னத் திட்டுங்க."

"திட்டறதுக்கு அங்க யாரும் இல்லம்மா."

"இருக்கேன். இதோ நிக்கறேன்." அவள் செட்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இந்த மேட்ட எடுக்க ரெண்டு நிமிஷம் ஆகும். எடுத்துத் தரேன். 'நான்தான் போனேன், அவ மேல தப்பில்ல'ன்னு ஒரு தடவ சொல்லுங்க."

"அவ மேல தப்பே இல்ல சின்னு. யார் மேலயும்..."

"யார் மேலயும் வேண்டாம். ஒங்க மேல."

அத்தான் தூசி படிந்த தரையைப் பார்த்தார். பல்லில்லாத வாய் எதையோ மென்றது. "கதவப் பூட்டிட்டுக் கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன்" என்றார். "கூப்பிட்டா. ரெண்டு தடவ கூப்பிட்டது கேட்டுது." பிறகு நிமிர்ந்தார். "நீ சொல்லச் சொல்றதச் சொன்னா, மறுநாள் காலைல என்னால எந்திரிக்கவே முடியாதும்மா."

"அக்காவும் எந்திரிக்க முடியாமத்தான் ஒக்காந்திருந்தா."

அவர் கையை நீட்டினார். அவள் செட்டை அப்படியே, மேட்டோடு, கொடுத்தாள். வாயில் போட்டு அழுத்தினார், கண்ணில் தண்ணீர் தெறித்தது. படியேறிப் போனார். முதலாளிக்குச் சின்னவளை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பிவிட ஆசைதான், ஆனால் எந்த வாயால் அனுப்புவார்? மத்தியானம்வரை அவளைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கடைசியில், "அந்த மூணு கீறல்... இன்னும் போடறியா நீ?" என்று மட்டும் கேட்டார். "போடறேன்" என்றாள். அவர் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தான் காலையில் முடித்து வைத்திருந்த செட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமை அவள் கூட்டத்துக்குப் போனாள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். அத்தான் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓரிடத்தில் தடுக்கினார், கை கன்னத்துக்குப் போனது, மறுபடி தொடர்ந்தார். முதல் வாரம் அவளுக்குத் திருப்தியாக இருந்தது. பொய் சொல்வானேன், இனித்தது. அந்த ஒவ்வொரு தடுக்கலிலும் அவள் இருந்தாள். இரண்டாம் வாரம்தான் அது உறைத்தது. ஊரில் பல் பட்டறை இது ஒன்றா? எந்தப் பட்டறைக்குப் போனாலும் இரண்டு நிமிஷ வேலை. பழைய செட்டும் வீட்டில் இருக்கிறது. ஏன் இதையே போட்டுக்கொண்டு வருகிறார்? தண்டனை என்று ஏற்றுக்கொண்டுவிட்டாரா? அப்படியானால் வாயால் சொல்லாததை வாய்க்குள் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். இல்லை, வலி நடக்கிறது, நடக்கட்டும் என்று இதையும் வேடிக்கைதான் பார்க்கிறாரா? எதுவாக இருந்தாலும் அவளிடம் சொல்லாமல் செய்கிறார். அவள் கொடுத்த வலியைக்கூட அவளிடமிருந்து எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை புறப்படும்போது அலமாரியிலிருந்து, அன்று தபால் பெட்டியில் கிடந்த அந்தச் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அக்கா வீட்டைக் காலி செய்தபோது எல்லாவற்றையும் வீட்டுச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்தவள் அதை மட்டும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு அத்தானின் கன்னம் முன்பைவிட வீங்கியிருந்தது. பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே நிறுத்தி மேசையைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில், குழந்தையைப் பறிகொடுத்த அந்தப் பெண்தான் முதலில் எழுந்தாள். அவள் முகம் இப்போது கொஞ்சம் தெளிந்திருந்தது. முந்தியை முறுக்குவது நின்றிருந்தது.

"ஐயா, ஒங்க கன்னம் ஏன் இப்படி இருக்கு? யாரு ஒங்கள இப்படிப் பண்ணாங்க?"

"யாரும் பண்ணலம்மா" என்று ஆரம்பித்தார் அத்தான். "யாரும்..." அந்த இடத்தில் வலி பிடித்து இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கீழ்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையை விரித்து மேசை மேல் வைத்தார்.

சின்னவள் எழுந்தாள். "நான் பண்ணேன்" என்றாள்.

கூடம் மொத்தமும் திரும்பியது. யாரோ "உக்காரும்மா" என்றார்கள். பின்வரிசையிலிருந்த முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அவள் மேசைக்கு நடந்து போய்ச் செட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். உள்பக்கம் மேலே தெரிந்தது. "இது என் வேலை. இதோ என் அடையாளம், மூணு கீறல். யார் கேட்டாலும் நான்தான்னு சொல்லுவேன்." கைப்பையைத் திறந்தாள். சாவியை எடுத்துச் செட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இத்தனை வருடத்தில் அது பாதி துருப்பிடித்திருந்தது.

"இது யாரோட வேலை அத்தான்?"

அத்தான் சாவியைப் பார்த்தார். அது என்ன சாவி என்று அந்தக் கூடத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. பிறகு அவர் முன்வரிசையைப் பார்த்தார். அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதில் தன்னுடையதும் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. அவள் கை மறுபடி முந்தியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. சின்னவளும் அவளைப் பார்த்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, உன்னுடையது வேறு, இது வேறு என்று. சொல்லவில்லை. அத்தானின் உதடு பிரிந்து மூடியது. மேசைக்கு மேல் அவர் கை வந்தது. செட்டுக்கும் சாவிக்கும் நடுவில், எதன் மேலும் இறங்காமல் நின்றது. வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். கை இன்னும் அங்கேயே இருந்தது.